மூடியின் மேல் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பா

நவம்பர் 11, சனி

அட்டை வெட்டும் வேலை முடிந்தது. தச்சுப் பட்டறையாக மாறப்போகும் காரேஜைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டேன். ரம்பம், கம்ப்ரசர், தூசி உறிஞ்சி, வேலை மேஜை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டைத் துண்டு. காலையிலிருந்து சமையலறை மேஜையில் அவற்றை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். ரம்பத்துக்கு முன்னால் இரண்டரை மீட்டர், பின்னால் இரண்டரை மீட்டர் விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் நீளப் பலகை கதவில் முட்டும். கார் இனிமேல் வெளியே பனியில்தான் நிற்கும்.

இடைஞ்சல் ஃப்ரீஸர்தான். நீளப் பெட்டி, ஒரு ஆள் படுக்கலாம். என் மனைவி பெரிட் காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதை ஏன் உன் பொம்மைங்களோட சேர்க்கிறே? தனி லைன் போட்டுக் குடு. யோர்கெனை ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கச் சொல்லேன்."

"மாகாணம் பூரா யார் வீட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு கணக்குப் போடுறவன் நான். ஒரு காரேஜுக்கு எனக்கு எலக்ட்ரீஷியன் வேணுமா, அதுவும் யோர்கெனா?"

"மாகாணத்துல என் இறைச்சி இல்லையே, எவெர்ட்."

சிரித்துவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

கணக்கு முடிந்தது. காரேஜுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. ஃபேஸுக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ், பத்து ஆம்பியர். பழைய வீடு, திருகி மாட்டும் ரகம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு; ஃபியூஸ் எரிந்தால் பொட்டு உதிர்ந்துவிடும்.

ரம்பம் மூன்று ஃபேஸிலும் சமமாக இழுக்கும், அதற்குக் கவலையில்லை. ஹீட்டர் தனியாக இரண்டாவதில். பசை காயும்போது அணையவே கூடாது, அதனால் அதோடு வேறு எதையும் சேர்க்கவில்லை. விளக்கும் தூசி உறிஞ்சியும் மூன்றாவதில். விளக்கு இதுவரை முதலாவதில் இருந்தது. ரம்பம் சுற்றும்போது கம்ப்ரசரால் ஃபியூஸ் போய் நான் இருட்டில் நின்றால்? விரல் போகும். ஆகவே விளக்கைப் பிரித்தேன். இதை யோசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்?

மிச்சம் கம்ப்ரசரும் ஃப்ரீஸரும். முதலாவதில் போட்டேன். கம்ப்ரசருக்கு ஒன்பது ஆம்பியர், ஃப்ரீஸருக்கு ஒன்று. ஆக மொத்தம் பத்து. விளிம்புதான். ஸ்டார்ட் ஆகும்போது இரண்டும் கூடுதலாக இழுக்கும், ஆனால் ஒரே நொடியில் ஸ்டார்ட் ஆகப் போவதில்லை. என் பிழைப்பே அதுதானே! எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போடமாட்டார்கள் என்று நம்பித்தான் முப்பத்தொரு வருடமாகக் கம்பியின் தடிமனை முடிவுசெய்கிறேன்.

நிலையான ஒயரில் கை வைக்க உரிமம் வேண்டும். அது யோர்கெனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. போகட்டும் என்று நானே மாற்றிவிட்டேன். முக்கால் மணி நேர வேலை.

நவம்பர் 25, சனி

ஹெல்கே இறைச்சி கொண்டுவந்தான். எங்கள் வேட்டைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். இந்த வருடம் குழுவின் வசந்த விருந்துக்கான எல்க் மான் இறைச்சியும் எங்கள் ஃப்ரீஸரில்தான். எங்கள் பங்கு, விருந்துப் பங்கு, பெரிட் காட்டில் பொறுக்கிவந்த லிங்கன் பழம் எல்லாம் சேர்ந்து விளிம்பு வரை நிரம்பிவிட்டது. மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டதால் பெரிட் மூடிய பிறகு அதன் மேல் அந்தச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வைப்பாள். போன கோடையில் வீட்டுக்கு அடித்ததில் மிஞ்சியது, பத்து லிட்டர்.

"தனி லைன் போட்டியா?" என்றாள் பெரிட்.

"அதைவிட நல்லா போட்டிருக்கேன்."

டிசம்பர் 5, செவ்வாய்

உமேயோ நகரத்துக்குக் கிளம்புகிறேன், ஆபீஸ் கூட்டங்கள், ஞாயிறுதான் திரும்புவேன். அலமாரிக் கதவுகளைப் பசை போட்டுக் கிளாம்பில் இறுக்கிவிட்டேன். ஹீட்டர் பதினெட்டு டிகிரியில் ஓடட்டும். கம்ப்ரசர் குழாயில் லேசாகக் காற்றுக் கசிகிறது. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 10, ஞாயிறு

மத்தியானம் வந்து சேர்ந்தேன். கதவுகள் எப்படிக் காய்ந்திருக்கின்றன என்று பார்க்க நேராகக் காரேஜுக்குப் போனேன். விளக்கைப் போட்டேன், எரிந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நல்ல கதகதப்பு. பிறகுதான் நாற்றம். ஃப்ரீஸருக்கு அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் வேலை மேஜைக் கால் வரை ஓடித் தேங்கியிருந்தது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். முதலாவதில் பொட்டு இல்லை.

கம்ப்ரசரை அணைக்காமல் போயிருக்கிறேன். காற்றுக் கசியக் கசிய அது தானாக ஸ்டார்ட் ஆகியிருக்கிறது, ஏதோ ஒரு தடவை ஃப்ரீஸரும் அதே நொடியில். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பழைய காரேஜாக இருந்திருந்தால் கரண்டே இல்லாமல்கூட ஒன்றும் ஆகியிருக்காது. நான் அதைச் சூடாக்கி வைத்தேன். விளக்கையும் ஹீட்டரையும் பிரித்து வைத்து, போன ஃபியூஸ் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்றுவிடாமல் என் மூளை.

பொட்டு உதிர்ந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு புது ஃபியூஸைத் திருகினேன். ஃப்ரீஸர் முனகி ஓட ஆரம்பித்தது. மூடி மேல் பெயிண்ட் டப்பா இருந்தது. அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். அப்போதுதான் பெரிட் உள்ளே வந்தாள்.

அவள் பார்த்தது இதுதான்: மூடி திறந்திருக்கிறது, டப்பா தரையில் இருக்கிறது, ஃப்ரீஸர் ஓடுகிறது, இறைச்சி அழுகிக் கிடக்கிறது.

"ஐயோ... வியாழக்கிழமை நான்தானே பழம் எடுக்க வந்தேன். மூடலையா நான்? எவெர்ட், நான் மூடாமப் போயிட்டேனா?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலையே," என்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

தெரியலையே. தெரியலையாம்! வாய் கூசலையாடா உனக்கு?

டிசம்பர் 16, சனி

குழுவிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. "தப்பு பண்ணவ நான், நீ எதுக்குப் போகணும்?" ஹெல்கே வீட்டுக் கொட்டகையில் குழு முழுவதும் கூடியிருந்தது, எங்களைத் தவிர பதினொரு பேர். பெரிட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"மூடியைச் சரியா மூடாம விட்டுட்டேன். உங்க எல்லாருடைய பங்கும் போச்சு. மன்னிச்சுக்குங்க."

ஹெல்கே நல்லவன். "விடு பெரிட், நரிக்கு இரையா வைக்க ஆகும்," என்றான். பின்னாலிருந்து யோர்கென், "அடுத்த தடவை டப்பாவுக்குப் பதிலா நீயே ஏறி உக்காந்துக்கோ!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் சாப்பாடு: ஹாம், ஹெர்ரிங் மீன், உருளைக்கிழங்கு. எல்க் இல்லை.

ஜனவரி 7, ஞாயிறு

அடுப்புக்கு மேலே ஒரு மஞ்சள் சீட்டு: 'அணைத்தாயா?' வாசல் கதவில் இன்னொன்று. மருந்துப் பெட்டி, தேதி எழுதிய அட்டை. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து, கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறாள்.

அவள் அம்மாவுக்கு மறதி நோய் அறுபத்தொன்றாம் வயதில் ஆரம்பித்தது. கடைசி மூன்று வருடம் பெரிட்டை யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பெரிட்டுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

"எனக்கு ஒண்ணு சொல்லு," என்றாள் இன்று சாப்பிடும்போது. "மறந்துபோறது எனக்குப் பயமில்லை. எல்லாரும்தான் மறக்கிறாங்க. ஆனா அன்னிக்கு நான் மூடினேன், எவெர்ட். டப்பாவைத் தூக்கி வெச்சப்போ கைப்பிடிக் கம்பி விரல்ல குத்துச்சு. அப்படித் தெளிவா ஞாபகம் இருக்கு. பழம்கூட லேசா இளகியிருந்த மாதிரி... நடக்காததெல்லாம் இப்படித் தெளிவா ஞாபகம் வருதுன்னா, அது என்ன?"

நான் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? ஃபியூஸுக்காகவா? ஒயரில் கை வைத்ததற்காகவா? முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரம் திட்டியிருப்பாள், முடிந்திருக்கும். இப்போது சொன்னால் ஒரு மாதம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போகிறது. கோழை. வேறு வார்த்தை தேடாதே.

ஜனவரி 8

சொல்லவில்லை.

ஜனவரி 20, சனி

காரேஜுக்குள் போகவே பிடிக்கவில்லை. கட்டத் தாள் ஆணியில் தொங்குகிறது, அட்டைத் துண்டுகள் ஒட்டியபடி, கீழே என் கையெழுத்தில் கூட்டல்: 9 + 1 = 10. அலமாரிக் கதவுகள் மட்டும் அருமையாகக் காய்ந்திருக்கின்றன.

எரிந்த ஃபியூஸ் இன்னும் என்னிடம்தான், பையிலிருக்கும் மூக்குப்பொடி டப்பாவுக்குள் இருக்கிறது. குப்பையில் போட இரண்டு தடவை போனேன். முடியவில்லை. அதையும் போட்டுவிட்டால் உண்மை என்று எதுவுமே மிச்சமிருக்காது என்று தோன்றியது.

பிப்ரவரி 3, சனி

பெரிட் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். அவளாகவே. சாவியை என் கையில் கொடுத்து, "டெஸ்ட் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றாள். நினைவாற்றல் பரிசோதனைக்கு அவளே எழுதிப்போட்டிருக்கிறாள். லிக்செலே ஆஸ்பத்திரியில், இருபதாம் தேதி. நெருங்கிய உறவினர் ஒருவர் கூட வர வேண்டுமாம்.

"வருவேல்ல?"

"வராம?"

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

அவளை ஒரு அறைக்கு அழைத்துப் போனார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள், வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள். வாரம் முழுவதும் அதற்காகப் பயிற்சி செய்தாள் பாவம், கடைக்குப் போகும் சீட்டில்கூட கடிகாரம் வரைந்திருந்தது. என்னை வேறொரு அறையில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் ஹோதானுக்கு முப்பது வயதிருக்கும், நிதானமானவள். கேள்வித்தாளை விரித்தாள்.

"போன ஆறு மாசத்துல அவங்க மறந்த விஷயம் ஒண்ணு சொல்லுங்க. என்ன நடந்துச்சோ அதை அப்படியே."

"பெருசா ஒண்ணுமில்லை..."

"அவங்க ஃப்ரீஸர் விஷயம் சொன்னாங்க. மூடினது தெளிவா ஞாபகம் இருக்கு, ஆனா மூடலைன்னு. டாக்டர் அதைத்தான் முக்கியமா பாப்பாரு. நீங்கதான் முதல்ல பாத்தீங்களாமே. மூடி திறந்துதான் இருந்துச்சா?"

பேனா தாளுக்கு மேல் நின்றது. நான் ஆமாம் என்று சொன்னால் அது அவள் கோப்பில் ஏறும். என் வாயால், என் பெண்டாட்டியின் மூளையைப் பற்றி. 'தெரியலையே' என்று இங்கே சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது அந்தத் தாளில், பார்த்தேன். அதிலும் டிக் போட்டிருக்கலாம். ஒரு நொடி அதைக்கூட யோசித்தேன். எழுதி வைக்கிறேன், யோசித்தேன்.

"மூடித்தான் இருந்துச்சு," என்றேன். "டப்பா மேலதான் இருந்துச்சு. திறந்தது நான்."

முழுவதையும் சொன்னேன். பொடி டப்பாவைத் திறந்து ஃபியூஸைக்கூட மேஜையில் வைத்தேன், கிறுக்கன் மாதிரி. அவள் அதைத் தொடவில்லை. பேனாவை மூடினாள்.

"இதை நான் அவங்ககிட்டச் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும். வீட்டுக்குப் போயி இல்லை. கார்லயே."

காரில் சொன்னேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், கண்ணாடி முழுவதும் மூச்சு படிய. அவள் முன்னால் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள், கையுறைகள் மடியில். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"டப்பா?"

"மூடி மேலதான் இருந்துச்சு. நான்தான் எடுத்துக் கீழ வெச்சேன்."

"அப்போ நான் மூடினேன்."

"மூடினே."

"பழம் இளகியிருந்தது?"

"அப்பவே கரண்ட் போயிருந்திருக்கும்."

"எனக்கு ஞாபகம் இருந்தது சரி."

"எல்லாமே சரி."

அவள் அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்து, வெட்கங்கெட்டவன், அவள் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எழுபத்திரண்டு நாள், எவெர்ட். எங்க அம்மாவைப் பத்தி உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே உருளைக்கிழங்கை உரிச்சுட்டிருந்தே."

இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். மைனஸ் பத்தொன்பது. நான் பேருந்துக்குப் பின்னாலேயே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தேன். பேருந்தின் பின்பக்கக் கண்ணாடி வழியாக அவள் தொப்பி தெரிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பிப்ரவரி 21

மஞ்சள் சீட்டுகள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டாள். தையல் அறையில் படுக்கிறாள். கார் சாவி என் கோட்டுப் பையில் இல்லை. எடுத்துக்கொண்டுவிட்டாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ரிசல்ட் தபாலில் வந்தது. அவள் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட மேலாம். என் காபிக் கோப்பைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். படித்தேன். மறுபடியும் படித்தேன்.

மார்ச் 10, சனி

யோர்கென் வந்தான். நான் கூப்பிடவில்லை, பெரிட் கூப்பிட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லியே கூப்பிட்டிருக்கிறாள். ஆணியில் தொங்கிய தாளை வெகுநேரம் பார்த்தான்.

"விளக்கைப் பிரிச்சது கெட்டிக்காரத்தனம்தான், பெரிய மனுஷா. ஹீட்டரும் கரெக்ட். ஃப்ரீஸர் மட்டும்தான் உன் கண்ணுக்கு உன் பொருளாத் தெரியலைபோல."

ஃப்ரீஸரை வீட்டு நிலவறைக்கு மாற்றினோம். தனி லைன், தனி ஃபியூஸ், கரண்ட் போனால் கத்தும் ஒரு சின்ன அலாரம். எங்கே நிற்க வேண்டும் என்று பெரிட் காலால் தரையில் காட்டினாள். யோர்கென் அவளிடம் மட்டுமே பேசினான். நான் விளக்குப் பிடித்தேன்.

வேலை முடிந்து அவன் போனதும் முதல் தடவையாக அவளாகப் பேசினாள். "விருந்து அன்னிக்கு நீ பேசணும். நான் எங்க நின்னேனோ அங்கயே நின்னு. யோர்கென் மூலமா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், பரவாயில்லை. நான் உன் வாயால கேக்கணும்."

ஏப்ரல் 21, சனி

வசந்த விருந்து. எல்க் குழம்பு இருக்க வேண்டிய பானையில் கடைத் தொத்திறைச்சி. கொட்டகையின் நடுவில் போய் நின்று தொப்பியைக் கழற்றினேன்.

"இறைச்சியைக் கெடுத்தது நான். பெரிட் மூடித்தான் வெச்சிருந்தா. எனக்கு முதல் நாளே தெரியும். அவ இங்க நின்னு மன்னிப்புக் கேட்டப்பவும் தெரியும்."

யாரும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை. ஹெல்கே தட்டைக் கீழே வைத்தான்.

"இறைச்சி போகட்டும்டா. அன்னிக்கு நாங்க சிரிச்சோம். தெரியாமச் சிரிச்சோம். நீயும் சிரிச்சியே."

உட்கார்ந்தேன். பக்கத்தில் பெரிட் தொத்திறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தாள். கடுகுச் சாந்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் கேட்கவில்லை.

ஜூலை 2

மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று தேடினாள். தேடுவதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காரில் கிடைத்தது. "நானே வெச்சு நானே மறந்திருக்கேன்," என்று வாய்விட்டுச் சிரித்தாள். மறந்ததில் அவ்வளவு சந்தோஷம். அந்தப் பார்வையைத்தான் நான் இன்னும் மெல்லுகிறேன்.

ஆகஸ்ட் 19

தையல் அறையிலிருந்து அவள் தலையணை திரும்பி வந்திருக்கிறது. ஒன்றும் கேட்காதே, எவெர்ட். வாயை மூடிக்கொண்டு படு.

அக்டோபர் 13, சனி

ஹெல்கே கொட்டகையில் பங்கு பிரிப்பு. மேஜையில் பன்னிரண்டு கூறு இறைச்சி. ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், ஹெல்கே ஒரு கூறின் மேல் விரலை வைத்து "இது யாருக்கு?" என்பான், நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்ல வேண்டும். வருடா வருடம் அதற்கு நான்தான் நிற்பேன், கணக்குப்பிள்ளை என்பதால். இன்று யாரும் என்னைப் பார்க்கவில்லை. "பெரிட், நீ போய் நில்லு," என்றான் ஹெல்கே. பதினொரு பெயர்களையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் என் பெயரைச் சொன்னாள். எலும்பு நிறைய இருந்த கூறு. சரிதான்.

வீட்டுக்கு வந்து நிலவறையில் அடுக்கினோம். பொட்டலம் கட்டி, மாதம் எழுதி, அவள் கையால் ஒவ்வொன்றாக. மூடியை அழுத்தி மூடினாள். புது ரப்பர் போட்டாயிற்று, டப்பா தேவையே இல்லை. இருந்தாலும் காரேஜுக்குப் போய் அந்தச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே வைத்தாள்.

"எவெர்ட், இங்க வா. டப்பா எங்க இருக்கு?"

"மூடி மேல."

"மூடி?"

"மூடியிருக்கு."

"யார் மூடினது?"

"நீதான்."

"இதை உன் நோட்டுல எழுது."

எழுதுகிறேன். அக்டோபர் பதின்மூன்று, மாலை நாலு இருபது. ஃப்ரீஸர் ஓடுகிறது. பெரிட் மூடினாள். டப்பா மேலே இருக்கிறது. நான் பார்த்தேன்.